ஊருக்கும் காலனிக்கும் நடுவே அரசமைப்பு

சென்னைக்கு வந்துபோகிறவர்கள் எல்லோருக்கும் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் தெரியும். அந்தப் பெயருக்குரிய ஓமந்தூர் திண்டிவனத்துக்கு அருகே ஒரு சிற்றூர் என்பதும், அங்கே 1895இல் பிறந்த ஒரு விவசாயிதான் நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார் என்பதும் பலருக்கு நினைவில் இல்லை. ஓ.பி.ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை பதவியில் இருந்தார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேர்மை, எளிமை, வள்ளலார் பக்தி என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அவருடைய ஆட்சியில் 1947இல் எடுக்கப்பட்ட இரண்டு நடவடிக்கைகள் இந்திய அரசமைப்பின் போக்கிலேயே தடம் பதித்தன என்பது அந்தப் புகழ்மாலைகளில் வருவதில்லை.

ஒன்று, சென்னை மாகாணக் கோயில் நுழைவு அங்கீகாரச் சட்டம். மற்றது, இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி ஆணையில் பிற்பட்ட இந்துக்களுக்கென்று தனியே ஒரு பங்கு. இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை போயின. ஒன்று நிலைத்தது, இன்னொன்று விழுந்தது. விசித்திரம் என்னவென்றால், முக்கால் நூற்றாண்டு கழித்து இரண்டு கேள்விகளும் வேறு வடிவத்தில் அவருடைய சொந்த மண்ணுக்கே திரும்பி வந்தன. அப்படித் திரும்பி வந்தபோது நம் அரசமைப்பின் எந்தப் பகுதி நன்றாக ஓடுகிறது, எது முனகுகிறது என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது.

அதைப் பார்க்க அமெரிக்கா வழியாகச் சற்றுச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. உரிமைகள் என்ற பேச்சு வந்தாலே நம் பாடப்புத்தகங்கள் அமெரிக்காவைக் கைகாட்டும். அதில் தவறில்லை. அங்கே உரிமைகள் யாருக்குப் பயந்து எழுதப்பட்டன என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1787இல் பிலடெல்பியாவில் எழுதி முடித்த அரசமைப்பில் உரிமைப் பட்டியலே கிடையாது. மன்னரை உதறிவிட்டு வந்த மக்களுக்கு, புதிய மத்திய அரசு இன்னொரு மன்னராட்சியாகிவிடுமோ என்ற சந்தேகம் இருந்தது. பல மாநிலங்களில் எதிர்ப்புக் கிளம்பியது. அதைத் தணிக்கத்தான் ஜேம்ஸ் மேடிசன் 1789இல் திருத்தங்களைக் கொண்டுவந்தார். அவற்றில் பத்து, 1791 டிசம்பர் 15 அன்று ஏற்கப்பட்டன. பேச்சு, மதம், பத்திரிகை, கூட்டம் கூடுவது, வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதனையிடாமல் இருப்பது என எல்லாமே அரசின் கையைக் கட்டும் விதிகள். அந்த அரசமைப்புதான், பிரதிநிதித்துவத்துக்கு மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. அடிமையை வாங்கி விற்கும் தோட்டக்காரரைப் பற்றி உரிமைப் பட்டியலுக்கு ஒரு கவலையும் இல்லை.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1868இல் வந்த 14ஆம் திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் எவருக்கும் மறுக்கக் கூடாது என்றது. நம் அரசமைப்பின் 14ஆம் உறுப்பில் பாதி வாசகம் அங்கிருந்து வந்ததுதான். 1875இல் அமெரிக்க காங்கிரஸ் இன்னும் ஒரு படி மேலே போய், விடுதி, நாடக அரங்கு, பயண வண்டி ஆகியவற்றில் கறுப்பர்களை விலக்குவதைக் குற்றமாக்கியது. எட்டே ஆண்டுகளில், 1883இல், உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை வீழ்த்தியது. 14ஆம் திருத்தம் கட்டுப்படுத்துவது மாநில அரசை, விடுதிக்காரர் அரசு ஆகமாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவர்தான் மாறுபட்டார். இந்தச் சுவரைத் தாண்ட 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதும் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது சமத்துவத்தை அல்ல. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைத்தான். சுற்றுவழியில் போய்ச் சேர்ந்தார்கள்.

தென்னார்க்காட்டில் பயம் வேறு திசையிலிருந்து வந்தது. விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ‘ஊர்’ என்றால் சாதி இந்துக்களின் தெருக்கள். தலித்துகள் இருப்பது ‘காலனி’. நடுவே ஒரு வயலோ, ஓடையோ, தார்ச்சாலையோ கிடக்கும். குளத்தில் இறங்கக் கூடாது, டீக்கடையில் தனி டம்ளர், பிணத்தை இந்த வழியாகத் தூக்கிப் போகக் கூடாது, சாமி ஊர்வலம் காலனிக்குள் வராது. இதில் எதையும் அரசு உத்தரவாகப் போட்டதில்லை. கலெக்டரின் கையைக் கட்டினால் இதில் ஒன்றுகூட மாறாது. மேடிசனின் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்திருந்தால், காலனிக்காரருக்கு அரசிடமிருந்து பாதுகாப்பு கிடைத்திருக்கும். ஊரிடமிருந்து எதுவும் கிடைத்திருக்காது.

இதை எல்லோருக்கும் முன்பே கண்டுகொண்டவர் அம்பேத்கர். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். அரசியல் நிர்ணய சபைக்காக 1947இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில், பொது இடங்களில் சம உரிமை தரும் பிரிவை அமெரிக்காவின் 1866, 1875 சட்டங்களிலிருந்து எடுத்தாண்டார். 1883இல் அமெரிக்க நீதிமன்றம் குப்பையில் போட்ட சட்டத்தைத் தேடி எடுத்து வந்தார் என்றே சொல்லலாம். அமெரிக்கா தன் உரிமை மரபில் எதைக் கைவிட்டதோ அதுதான் நமக்குத் தேவைப்பட்டது.

நம் அரசமைப்பின் 15(2), 17, 23 ஆகிய உறுப்புகளின் அருமை இங்கேதான் இருக்கிறது. கடை, ஓட்டல், கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றில் சாதியைக் காரணம் காட்டி யாரும் யாரையும் தடுக்கக் கூடாது. தீண்டாமை எந்த வடிவத்திலும் கூடாது, கடைப்பிடித்தால் குற்றம். கொத்தடிமை கூடாது. இவை அரசை மட்டும் கட்டுப்படுத்தும் விதிகள் அல்ல, பக்கத்துத் தெருக்காரரையும் கட்டுப்படுத்துபவை. தீண்டாமை ஒழிப்பு விதியை அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 29 அன்று ஏற்றது.

ஓமந்தூராரின் கோயில் நுழைவுச் சட்டம் அதற்கும் முந்தியது. அதற்கு முன் ராஜாஜி ஆட்சியில் 1939இல் ஒரு சட்டம் இருந்தது. அதன்படி கோயிலைத் திறந்துவிடும் முடிவு அறங்காவலர்களிடம் இருந்தது. வழக்கமாக வழிபடுகிறவர்களின் கருத்தும் சாதகமாக இருக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் ஊர் மனம்வைத்தால் கதவு திறக்கும். 1947 சட்டம் இதைத் தலைகீழாக்கியது. நுழைவது வழிபட வருகிறவரின் உரிமை, தடுப்பது குற்றம். சலுகை உரிமையாக மாறிய இடம் இது.

தென் கன்னட மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே முல்கியில் உள்ள வெங்கடரமணர் கோயிலை நிர்வகித்த கௌட சாரஸ்வத பிராமணர்கள், இது எங்கள் சமயப் பிரிவுக்கே உரிய கோயில், யாரை உள்ளே விடுவது என்பது எங்கள் சமய விவகாரம் என்று வழக்குப் போட்டார்கள். 1957 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பு எழுதியவர் டி.எல்.வெங்கடராம அய்யர். சமயப் பிரிவுகளின் நிர்வாக உரிமையைச் சொல்லும் 26ஆம் உறுப்பைவிட, இந்துக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட இடம்தரும் 25(2)(ஆ) மேலானது என்றார். சில சடங்குகளில் மட்டும் அந்தப் பிரிவினருக்குத் தனி இடம் இருக்கலாம் என்று ஒரு சிறு வாசலையும் விட்டுவைத்தார். ஓமந்தூராரின் சட்டம் பிழைத்தது.

வகுப்புவாரி ஆணையின் கதை வேறு. கல்லூரியில் 14 இடங்கள் இருந்தால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. 14ஐ எடுத்து முடித்ததும் அடுத்த 14க்குப் போக வேண்டும். அதுவரை பிராமணர் அல்லாதார் என்ற பெரிய கூடைக்குள் கிடந்த வன்னியர் போன்ற உழவுச் சாதிகளுக்கு அந்த 2 இடம் முதல் அடையாளம். இந்த ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை மாகாணம் கொதித்தது. ஜூன் மாதமே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) சேர்ந்தது. அமெரிக்காவின் முதல் திருத்தம் பேச்சுரிமையில் அரசு கைவைக்கக் கூடாது என்றது. நம் முதல் திருத்தம் பேச்சுரிமைக்கு வரம்புகளைக் கூட்டியது, இட ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் பாராட்ட என்னால் முடியாது. பிந்தையது மட்டும் இல்லையென்றால் தென்னார்க்காட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரி வாசலுக்கு வர இன்னும் ஒரு தலைமுறை பிடித்திருக்கும்.

அந்த 2 இடத்தின் நீட்சிதான் 1987. திண்டிவனத்தில் மருத்துவராக இருந்த ச.ராமதாஸ் தலைமையில் வன்னியர் சங்கம் செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. உயிரிழந்த 21 பேரை இன்றும் அந்த நாளில் நினைவுகூர்கிறார்கள். 1989இல் கலைஞர் ஆட்சி மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதத்தைத் தனியே பிரித்தது. அதற்குள்ளும் பிரிவு வேண்டும் என்ற கோரிக்கை நீண்டு, 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் அறிவிப்பு வெளியான அதே நாளில், வன்னியருக்கு 10.5, சீர்மரபினர் உள்ளிட்ட ஒரு தொகுப்புக்கு 7, மீதிச் சாதிகளுக்கு 2.5 சதவீதம் என்று சட்டமன்றம் பங்கிட்டது. நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்துசெய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உள்ஒதுக்கீடு செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு, ஆனால் இன்றைய நிலவரத்தைக் காட்டும் தரவு இல்லாமல் ஒரு சாதியை மட்டும் தனியே எடுப்பது சமத்துவத்துக்கு முரண் என்று நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவும் பி.ஆர்.கவாயும் கூறினார்கள்.

அந்தத் தீர்ப்பு விழுப்புரம் மாவட்டத்தில் பெரும் மனக்கசப்பைத் தந்தது. இருந்தாலும் கவனியுங்கள்: பேருந்து ஓடியது, கடை திறந்திருந்தது, கட்சிகள் புதிய கணக்கெடுப்பு கேட்டு மனு எழுதின. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் போட்ட சட்டத்தை ஒரு நீதிமன்றம் தள்ளிவைக்கலாம் என்ற கருத்து, 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் அமெரிக்காவில் ஊன்றப்பட்டது. விழுப்புரத்தில் அதை யாரும் அந்நியச் சரக்காகப் பார்க்கவில்லை. சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான எந்திரம் நன்றாகவே ஓடுகிறது.

ஊருக்கும் காலனிக்கும் இடையில் ஓட வேண்டிய எந்திரம்தான் முனகுகிறது.

விழுப்புரத்துக்கு அருகே மேல்பாதி. அங்கே தர்மராஜா திரௌபதியம்மன் கோயில், இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ளது. திரௌபதி வழிபாட்டின் தாய்மண் செஞ்சிச் சீமை. தீமிதியும் பாரதக் கூத்தும் இந்த வட்டாரத்தின் உயிர். சபை நடுவே நின்று, என்னைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டா என்று சட்டக் கேள்வி கேட்டவளைத்தான் இங்கே தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். 2023 ஏப்ரல் 7 அன்று திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அதன்பின் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் அதிகாரிகள் இரு தரப்பையும் பலமுறை கூப்பிட்டுப் பேசினார்கள். ஊர்த் தரப்பு இறங்கி வரவில்லை. ஜூன் 7 அன்று கோட்டாட்சியர் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்.

எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 145. இரண்டு பேர் ஒரு நிலத்துக்கோ நீருக்கோ சண்டை போட்டு, கைகலப்பு வரும் என்ற நிலை இருந்தால், யார் அனுபவத்தில் இருக்கிறது என்று நிர்வாக நடுவர் விசாரிக்கும் பிரிவு அது. வரப்புத் தகராறுக்கு உண்டானது. அதன் கீழ் கொண்டுவந்த உடனேயே, உரிமை கேட்டு வந்தவரும் தடுத்தவரும் ஒரே சொத்துக்கு மல்லுக்கட்டும் இரண்டு ‘தரப்பு’ ஆகிவிடுகிறார்கள். 1947இல் தீர்ந்த கேள்வி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

அதிகாரியின் அச்சத்தை ஏளனம் செய்ய மாட்டேன். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவு இருக்கிற மாவட்டத்தில், கூட்டத்தைக் கண்டதும் பூட்டைத் தேடும் அதிகாரியைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் பூட்டு எல்லோருக்கும் சமமானது என்ற வாதத்தை ஏற்க முடியாது. ஊர்க்காரருக்கு அது இழப்பு, காலனிக்காரருக்கு அது பழைய நிலைமை. அவர்களுக்கு ஏற்கெனவே மூடியிருந்த கதவில் அரசு முத்திரை ஒன்று கூடுதலாக விழுந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பூட்டை அமெரிக்கா நமக்கு முன்பே பார்த்திருக்கிறது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954இல் பிரவுன் வழக்குத் தீர்ப்பு வந்தபின், விர்ஜினியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி 1959இல் தன் பொதுப்பள்ளிகள் எல்லாவற்றையும் மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பொதுப்பணத்தின் உதவியோடு தனியார் பள்ளி கிடைத்தது. பெரும்பாலான கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்தாண்டுகள் பள்ளியே இல்லை. 1964இல் உச்ச நீதிமன்றம் இதைச் சமத்துவ மீறல் என்றது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் இதே வித்தையை நீச்சல் குளத்தில் செய்தது. கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே குளத்தில் விட வேண்டும் என்றதும், பாதுகாப்பாகவும் கட்டுப்படியாகும் செலவிலும் நடத்த முடியாது என்று சொல்லி நான்கு குளங்களை மூடியது. குத்தகைக்கு எடுத்திருந்த ஐந்தாவதைத் திருப்பிக் கொடுக்க, அது வெள்ளையருக்கு மட்டும் தொடர்ந்து நடந்தது. 1971இல் பால்மர் எதிர் தாம்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் நின்றது. இரு இனத்தாருக்கும்தானே மூடியிருக்கிறது, இதில் பாகுபாடு எங்கே என்பது பெரும்பான்மையின் கேள்வி.

மேல்பாதிக்கு வாருங்கள். 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம், பூசை நின்றுபோகக் கூடாது, அர்ச்சகர் மட்டும் போய் நித்திய பூசை செய்யட்டும், பொதுமக்கள் யாரும் வேண்டாம் என்றது. மார்ச் 22 அன்று சீல் அகற்றப்பட்டது. சாமிக்கு நைவேத்தியம் கிடைத்தது, குடிமகனுக்கு உரிமை கிடைக்கவில்லை. ஜாக்சன் நகரத் தீர்ப்பின் தர்க்கத்துக்கு இது வெகு தூரத்தில் இல்லை என்பது என் கணிப்பு. 2025 ஏப்ரலில்தான் கோயில் மக்களுக்குத் திறந்தது. போலீஸ் பாதுகாப்போடு காலனி மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். சீல் வைத்த நாளிலிருந்து அதற்கு 22 மாதம் ஆகியிருந்தது.

ஜாக்சன் நீதிபதிகளுக்காவது ஒரு சாக்கு உண்டு. அவர்களுடைய அரசமைப்பு அரசை மட்டும் பார்த்து எழுதப்பட்டது. அரசு ஒதுங்கிக்கொண்டால் அதன் கடமை முடிந்தது என்று வாதிட இடம் இருந்தது. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. 17ஆம் உறுப்பு அரசை ஒதுங்கி நிற்கச் சொல்லவில்லை. தடுப்பவரைப் பிடித்துத் தண்டிக்கச் சொல்கிறது. பூட்டுப் போட்டுவிட்டு இரு தரப்பையும் மேசையில் உட்காரவைப்பது, 1947இல் விட்டொழித்த 1939 சட்டத்துக்கே திரும்பிப் போவதாகும். ஊர் மனம்வைத்தால் கதவு திறக்கும் என்ற பழைய ஏற்பாடு, கோட்டாட்சியர் அலுவலகக் கோப்பில் புது எண்ணோடு உயிர்பெறுகிறது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 145, இப்போது 164ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது. இன்னொரு கிராமத்தில் இன்னொரு கோயிலுக்கு அதை எடுத்து நீட்டத் தடையேதும் இல்லை. கோயில் நுழைவுத் தகராறுகளில் அந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்று வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது: 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 3. பொது வழிபாட்டு இடத்தில் நுழைய விடாமல் தீண்டாமையின் பேரால் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். அந்தத் தொகை 1976இல் நிர்ணயித்தது. அதை உயர்த்துங்கள், அதைவிட முக்கியமாக, பூட்டைத் தேடும் முன் அந்தப் பிரிவைக் கையில் எடுங்கள்.